ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள்: தரவரிசையை ஒதுக்கிவிட்டுத் துறைவாரியாகப் பேசுவோம்

#1 நூலகர்_குடந்தை

வணக்கம். நான் பணிபுரியும் கல்லூரியில் ‘முன்மாதிரிப் பல்கலைக்கழகங்கள்’ என்றோர் அறிக்கை தயாராகிறது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி என்று கணக்கு: ஆண்டுக்கு எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள், உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம். ஜெர்மனியின் தென்மேற்கில், நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கும் ட்யூபிங்கன் என் பொறுப்பில் வந்தது. கேட்ட வரியை எழுதிக் கொடுத்துவிட்டேன். மனம் மட்டும் ஒப்பவில்லை.

ஷாங்காய் தரவரிசை எதை எண்ணுகிறது என்று பார்த்தேன். நோபல் பரிசோ ஃபீல்ட்ஸ் பதக்கமோ பெற்ற பழைய மாணவர்கள், ஆசிரியர்கள். அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்கள். நேச்சர், சயன்ஸ் இதழ்களில் வந்தவை. அறிவியல், சமூக அறிவியல் அட்டவணைகளில் ஏறிய கட்டுரைகள். கலை, மொழி, தத்துவம், இறையியல் ஆகியவற்றுக்கான அட்டவணையை அது தொடுவதே இல்லை. ட்யூபிங்கனோ 1477-இல் தொடங்கியது. இறையியலும் மொழியாய்வும் நூற்றாண்டுகளாக அதன் உயிர்நாடி. 1863-இல், ஜெர்மனியிலேயே முதன்முதலாக, இயற்கை அறிவியலுக்கெனத் தனிப் புலம் அமைத்ததும் அதே பல்கலைக்கழகம்தான். ஒரு பக்கத்தை மட்டும் கூட்டி வந்த தொகைக்கு ‘ஆய்வு’ என்று தலைப்பிட எனக்குக் கூசுகிறது.

இங்கே பல துறையினர் இருக்கிறீர்கள். உங்கள் துறைக்கு ட்யூபிங்கனிலிருந்து வந்தது என்ன, எந்த வடிவில் வந்தது (கட்டுரையா, அகராதியா, அகழாய்வா, மருந்தா) என்று எழுதுங்கள். தரவரிசை எண்ணை யாரும் ஒட்ட வேண்டாம்.

#2 கயல்_உயிர்வேதி

நான் தொடங்குகிறேன் ஐயா. மரபணுப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்த இடம் ட்யூபிங்கன் கோட்டை. ஊருக்கு மேலே குன்றின்மீது நிற்கும் அந்தக் கோட்டையின் பழைய சமையலறைப் பகுதியில்தான் ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலரின் ஆய்வகம் இருந்தது. இரத்தச் சிவப்பணுக்களின் நிறப்பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று 1864-இல் பெயர் வைத்தவர் அவர்தான். அவரிடம் சுவிட்சர்லாந்திலிருந்து ஃப்ரீட்ரிக் மீஷர் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார்.

அறுவைச் சிகிச்சைப் பிரிவிலிருந்து சீழ் படிந்த கட்டுத்துணிகளைக் கேட்டு வாங்குவார். அவற்றை அலசி வெள்ளையணுக்களைப் பிரிப்பார். பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினால் புரதத்தைக் கரைத்து அகற்றுவார். எஞ்சியதில் பாஸ்பரஸ் நிறைய இருந்தது. அறியப்பட்ட எந்தப் புரதத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. 1869-இல் அதற்கு நியூக்ளின் என்று பெயரிட்டார். இன்று நாம் டிஎன்ஏ என்று சொல்வது அதைத்தான்.

எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி அடுத்தது. மாணவரின் முடிவு உண்மையா என்று ஹோப்பே-சைலர் தாமே சோதனைகளை மறுபடி செய்து பார்த்தார். அதன்பிறகே 1871-இல் தம் இதழில் வெளியிட்டார். இடையில் போர் வேறு. கண்டுபிடிப்புக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள். ஆண்டுக்கு எத்தனை என்று கேட்கும் படிவத்தில் மீஷர் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் பூஜ்யம் போட்டிருக்க வேண்டும்.

#3 தகடூரான்

அம்மா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 150 ஆண்டுகளுக்கு முந்தைய புகழை வைத்து இன்றைய பல்கலைக்கழகத்தை மதிப்பிட முடியுமா? மக்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. இன்றைக்கு என்ன தருகிறது என்று கேட்கத்தானே செய்வார்கள்? எண்ணிக்கை வேண்டாம் என்பவர்கள் பெரும்பாலும் வேறு எந்த அளவுகோலையும் தருவதில்லை என்பது என் அனுபவம்.

#4 கயல்_உயிர்வேதி

நியாயமான கேள்வி தகடூரான் ஐயா. அதே மூலக்கூறுக் குடும்பத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன்.

1990-களின் இறுதியில் இங்மார் ஹோயர் என்ற முனைவர் பட்ட மாணவர் ட்யூபிங்கனில் ஆர்என்ஏவை எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார். உடனே சிதைந்துவிடும் என்று எல்லோரும் ஒதுக்கிய அந்தப் பொருள், எலிகளின் உடலில் நோயெதிர்ப்பைத் தூண்டியது. 2000-இல் அவரும் சக ஆய்வாளர்களும் கியூர்வேக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எம்ஆர்என்ஏவை (புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏ வகை) மருந்தாக்க முயன்ற முதல் நிறுவனங்களில் அது ஒன்று.

முடிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021-இல் அவர்களுடைய கொரோனா தடுப்பூசியின் செயல்திறன் 48 விழுக்காடுதான் என்று தெரிந்தது. அதே ஆண்டு ஒப்புதல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். பயோன்டெக்கும் மாடர்னாவும் வேதி மாற்றம் செய்த எம்ஆர்என்ஏவைப் பயன்படுத்தின. கியூர்வேக் இயற்கை வடிவத்திலேயே நின்றது. அதனால் ஊசியின் அளவைக் குறைவாக வைக்க நேர்ந்தது, அதுவே பலனைக் குறைத்தது என்பது பலருடைய கணிப்பு. என் பார்வையில் இந்தத் தோல்வியும் அறிவுதான். எந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்று உலகம் ஒரே ஆண்டில் தெரிந்துகொண்டது. எந்தத் தரவரிசையிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

#5 செடிகொடி

தாவரவியல் சார்பில் வருகிறேன். பள்ளியில் மகரந்தச் சேர்க்கை படித்தவர்கள் அனைவரும் ட்யூபிங்கனுக்குக் கடன்பட்டவர்கள். அங்கே தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த ருடால்ஃப் கேமராரியஸ், ஆமணக்குச் செடியின் ஆண் பூக்களை விரியும் முன்பே கிள்ளிவிட்டார். விதை பிடிக்கவில்லை. மக்காச்சோளக் கதிரின் பட்டு இழைகளை வெட்டிவிட்டார், மணி வைக்கவில்லை. செடிகளுக்கும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்று சோதனையால் காட்டியவர் அவர். அதை எப்படி வெளியிட்டார்? 1694 ஆகஸ்டில் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதமாக! நம் ஊரில் வேலியோரம் நிற்கும் ஆமணக்கை வைத்து யாரும் இன்றைக்கே இதைச் செய்து பார்க்கலாம். என் மாணவர்கள் செய்திருக்கிறார்கள்.

அவருக்கு முன்னால் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ். 1535 முதல் ட்யூபிங்கனில் மருத்துவப் பேராசிரியர். 1542-இல் வந்த அவருடைய மூலிகை நூலில் ஏறத்தாழ 500 செடிகளின் மரச்செதுக்குப் படங்கள் இருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளமும் மிளகாயும் அதில் உண்டு. மிளகாய் கோழிக்கோட்டிலிருந்து வந்தது என்றும், மக்காச்சோளம் துருக்கியிலிருந்து வந்தது என்றும் அவர் நம்பினார். ஊரைத் தவறாகச் சொன்னாலும் படம் அவ்வளவு துல்லியமானது. படம் வரைந்தவர்கள், மரத்தில் செதுக்கியவர் ஆகியோரின் உருவங்களையும் நூலிலேயே அச்சிட்டார். தமக்காக உழைத்த கைகளுக்கு அந்தக் காலத்திலேயே அப்படி இடம் தந்த மனிதர்.

#6 ஏட்டுச்சுவடி

என் துறையில் ட்யூபிங்கன் தந்தவை பெரும்பாலும் அகராதிகளும் சுவடிகளும். இவற்றைக் கட்டுரைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

ருடால்ஃப் ரோத், 1848 முதல் அங்கே பேராசிரியர், பின்னர் பல்கலைக்கழக நூலகத்தின் தலைவரும்கூட. சமஸ்கிருத அறிஞர் பொட்லிங்க்கோடு சேர்ந்து அவர் தொகுத்த பீட்டர்ஸ்பர்க் சமஸ்கிருத அகராதி 1855-இல் தொடங்கி 1875-இல் முடிந்தது. ஏழு பெரிய தொகுதிகள். வேதச் சொற்களின் பகுதி பெரிதும் ரோத்தின் உழைப்பு. இருபது ஆண்டு வேலைக்கு நூற்பட்டியலில் ஒரே ஒரு வரி!

அதர்வ வேதத்தின் பைப்பலாத சாகை என்ற மரபு காஷ்மீரத்தில் பூர்ஜமரப் பட்டையில் எழுதிய ஒரு சுவடியில் கிடைத்தது. அது 1870-களில் ரோத்தின் கைக்கு வந்தது; அவர் மறைந்தபின் ட்யூபிங்கன் நூலகத்தின் உடைமையாயிற்று. 1901-இல் அதன் ஒவ்வோர் ஏட்டையும் நிழற்படமாக அச்சிட்டு வெளியிட்டார்கள். பிற்பாடு 1950-களில் துர்காமோகன் பட்டாச்சார்யா ஒடிசாவில் அதே மரபின் ஓலைச்சுவடிகளைக் கண்டெடுத்தார். அதுவரை அந்த மரபை உலகம் படித்தது இந்த ஒற்றைச் சுவடியை வைத்துத்தான்.

அடுத்து ஹெர்மன் குண்டர்ட். ட்யூபிங்கனில் படித்து 1835-இல் முனைவர் பட்டம் பெற்றவர். தலச்சேரியில் இருந்தபடி மலையாளத்துக்கு இலக்கணமும், 1872-இல் வெளிவந்த அகராதியும் தந்தவர். அவர் திரட்டிய ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் ட்யூபிங்கன் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே இப்படி ஒரு புதையல் இருப்பது 1980-களில்தான் கேரள அறிஞர்களுக்குத் தெரிந்தது. ஸ்கறியா சக்கரியா அங்கே போய் அவற்றை ஆராய்ந்தார். பய்யன்னூர்ப் பாட்டு என்ற பழைய மலையாளக் காவியம் இன்று அச்சில் கிடைக்கிறதென்றால், அந்த நூலகத்தில் கிடந்த பிரதிதான் காரணம். 2018-இல் அந்தச் சேகரம் முழுவதையும் மின்னுருவாக்கி இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அலமாரியில் காத்த சுவடியை, அது பிறந்த மண்ணின் மக்களுக்குத் திறந்து வைப்பது ஆய்வுப் பணியில் சேருமா சேராதா? சேரும் என்று உரத்துச் சொல்வேன்.

#7 பொருநை

குண்டர்ட் 1836-இல் முதலில் வந்து இறங்கியது சென்னையில். தமிழ் கற்றார். எங்கள் திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸோடு சில காலம் பணி செய்தார். பிறகுதான் மேற்குக் கடற்கரை. மலையாளத்துக்குப் போகும்போதே திராவிட மொழியொன்றின் அமைப்பு அவருக்குப் பிடிபட்டிருந்தது. கேரளத்தார் அவரைக் கொண்டாடும் அளவுக்கு நாம் அந்தத் தொடக்கத்தை நினைப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

#8 நெக்கர்க்கரை

நான் ட்யூபிங்கனுக்குப் பக்கத்து ஊரில் வசிக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ட்யூபிங்கனில் நடக்கும் ஆய்வு எல்லாம் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஆகாது. மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் அதே ஊரில் இருக்கின்றன, ஆனால் அவை தனி அமைப்பு. 1995-இல் நோபல் பெற்ற கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பரிசுக்குக் காரணமான பழ ஈ ஆய்வைச் செய்தது ஹைடல்பெர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஆய்வகத்தில். பரிசு கிடைத்தபோது ட்யூபிங்கனின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இயக்குநர். இவரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

கியோர்க் விட்டிக்கின் கதை இதற்கு நேர்மாறு. கரிமவேதியியல் படித்த எவரும், கரிம அணுக்களை இரட்டைப் பிணைப்பால் இணைக்கும் விட்டிக் வினையைத் தாண்டி வந்திருக்க முடியாது. வைட்டமின் ஏவைத் தொழிற்சாலையில் செய்வதற்கு அது உதவியது. 1950-களின் தொடக்கத்தில் அதைக் கண்டது ட்யூபிங்கனில். 1956-இல் ஹைடல்பெர்க்குக்கு மாறினார். நோபல் வந்தது 1979-இல், 82 வயதில். பரிசு பெறும்போது எங்கே இருந்தாரோ அந்த நிறுவனத்துக்குத்தான் மதிப்பெண் என்பது ஷாங்காய் விதி. ட்யூபிங்கனின் சோதனைக் குழாயில் நடந்தது, கணக்கில் வேறு ஊர்.

#9 கணிதன்_காரைக்குடி

கணினித் துறையினர் எவரும் இன்னும் வில்ஹெல்ம் ஷிக்கார்டைச் சொல்லவில்லையே! 1623-இல் பல்சக்கரங்களால் கூட்டவும் கழிக்கவும் கூடிய இயந்திரம் ஒன்றைச் செய்ததாக ட்யூபிங்கனிலிருந்து வானியலாளர் கெப்ளருக்குக் கடிதம் எழுதினார். கெப்ளரும் ட்யூபிங்கன் மாணவர். அவருக்காகச் செய்யக் கொடுத்த இன்னொரு பிரதி தீயில் எரிந்து போனதாக அடுத்த ஆண்டு எழுதினார். 1635-இல் கொள்ளைநோய் ஷிக்கார்டைக் கொண்டுபோயிற்று. பாஸ்கல் செய்த இயந்திரம்தான் முதல் என்று மூன்று நூற்றாண்டுகளாக எல்லோரும் நம்பினார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஷிக்கார்டின் வரைபடம் கெப்ளரின் காகிதங்களுக்கு நடுவில் அகப்பட்டது. அதை வைத்து 1960 வாக்கில் இயந்திரத்தை மறுபடி செய்து ஓட்டிக் காட்டினார்கள்.

இதில் இரண்டு செய்திகள். இயந்திரத்தைக் கண்டபோது ஷிக்கார்டு வகித்த பதவி எபிரேய மொழிப் பேராசிரியர். அதை மீட்டெடுத்த ஃப்ரைடாக்-லோரிங்ஹோஃப் ட்யூபிங்கனின் தத்துவப் பேராசிரியர். துறைவாரிப் பட்டியலில் இந்தக் கணிப்பானை எங்கே எழுதுவது என்று நூலகர் ஐயா சொல்லட்டும்.

#10 மண்மேடு

தொல்லியலில் ட்யூபிங்கன் என்றால் இரண்டு பெயர்கள்: துருக்கியில் இருக்கும் பழைய நகரான ட்ராய், தென் ஜெர்மனியின் ஸ்வாபியக் குகைகள்.

குகைகளை முதலில் சொல்கிறேன். ஃபோகல்ஹெர்ட் குகையை 1931-இல் தோண்டினார்கள். மாமூத் யானைத் தந்தத்தில் செதுக்கிய குதிரையும் பிற விலங்குகளும் கிடைத்தன. மனிதர் செய்த மிகப் பழைய உருவச் சிற்பங்களில் அவை சேரும். இப்போது கோட்டையிலேயே இருக்கும் அருங்காட்சியகத்தில், மீஷரின் ஆய்வகம் இருந்த அதே வளாகத்தில், அவற்றைப் பார்க்கலாம். 1931-இல் அவசரமாக வாரி வெளியே கொட்டிய மண்ணை 2005-இலிருந்து நிக்கோலஸ் கோனார்டின் குழு மறுபடி தோண்டி, தண்ணீரில் அலசிச் சலித்தது. முழு மாமூத் உருவம் ஒன்று கிடைத்தது. 1931-இல் கிடைத்த சிங்கத்தின் உடைந்த தலைப் பகுதியும் அந்த மண்ணில் இருந்து வந்து, 2014-இல் பொருத்தப்பட்டது. முன்னோர் கொட்டிய மண்ணை ஏளனம் செய்யாமல் பொறுமையாகச் சலிப்பதுதான் எங்கள் தொழிலின் அறம். ஹோஹ்லே ஃபெல்ஸ் குகையில் 2008-இல் எடுத்த ஆறு சென்டிமீட்டர் பெண்ணுருவும் பாறுக் கழுகின் எலும்பில் செய்த குழலும் உலகம் அறிந்தவை. இந்தக் குகைகளை யுனெஸ்கோ 2017-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ட்ராய் வேறு வகை. மன்ஃப்ரெட் கோர்ஃப்மன் 1988-இல் அகழாய்வைத் தொடங்கி 2005-இல் மறையும் வரை நடத்தினார். ட்ராய்க் கோட்டைக்குக் கீழே ஒரு பெரிய கீழ்நகர் இருந்தது, வெண்கலக் காலத்தில் அது முக்கியமான வணிக நகரம் என்றார். 2001-இல் ஜெர்மனியில் பெரிய கண்காட்சி நடந்தது, மக்கள் திரண்டார்கள். அப்போது அதே பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாற்றுப் பேராசிரியர் ஃப்ராங்க் கோல்ப், சான்றுக்கு மீறிய கதை என்று வெளிப்படையாக மறுத்தார். நாளிதழ்களில் அடிதடி. 2002 பிப்ரவரியில் ட்யூபிங்கனிலேயே கருத்தரங்கு கூட்டி, இரண்டு தரப்பும் பொதுமக்கள் முன் வாதிட்டார்கள்.

நான் கோர்ஃப்மன் பக்கம்தான் சாய்கிறேன். கீழ்நகரின் அகழி நிலத்தில் இருக்கிறது, மறுக்க முடியாது. அது எவ்வளவு பெரிய வணிக நகரம் என்பதில் கோல்ப் எழுப்பிய ஐயம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு பேராசிரியர்கள், தங்கள் நிறுவனத்தின் பெயருக்குக் கேடு வருமே என்று அடக்கி வாசிக்காமல், சான்றை மேசைமேல் வைத்து மோதினார்களே, அதைத்தான் நான் பல்கலைக்கழகம் என்பேன். அகழாய்வைச் சுற்றி இப்படி ஒரு விவாதம் நம்மிடையே நடந்தால் எத்தனை பேர் அதைத் தாங்குவோம்?

#11 வெண்மணி

எல்லோரும் பெருமைகளைச் சொல்கிறீர்கள். அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னொரு வகை ஆய்வையும் சொல்லாவிட்டால் இந்த இழை நேர்மையாக இருக்காது.

1930-களில் ட்யூபிங்கன் மனநல மருத்துவமனையில் பணிபுரிந்தவர் ராபர்ட் ரிட்டர். நாடோடிகள், கொள்ளையர் என்று சொல்லப்பட்டவர்களின் சந்ததியினரைப் ‘பரம்பரைக் குற்றவாளிகள்’ என்று காட்டும் ஆய்வால் அங்கே பேராசிரியர் ஆவதற்கான உயர்தகுதி பெற்றார். பிறகு பெர்லின் போய், ‘ஜிப்சிகள்’ என்று இழிவாக அழைக்கப்பட்ட சின்டி, ரோமா மக்களை ஆயிரக்கணக்கில் அளந்து, வம்சாவளி எழுதி, இனவகை முத்திரை குத்தினார். அந்தத் தாள்களின் துணையோடுதான் அவர்கள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்த பிறகும் அந்தக் கோப்புகளை ட்யூபிங்கன் மானுடவியலார் ஆய்வுப் பொருளாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 1981 செப்டம்பர் 1 அன்று சின்டி மக்கள் சிலர், முகாம்களிலிருந்து மீண்டவர்களும் அவர்களில் உண்டு, பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதன்பிறகே அவை கோப்லென்ஸ் நகரின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்குப் போயின.

ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன இந்தியவியல் துறையில் 1927 முதல் பேராசிரியராக இருந்த யாக்கோப் வில்ஹெல்ம் ஹவரும் உண்டு. பாசல் மிஷன் சார்பில் கேரளத்தில் பணிபுரிந்தவர். யோகத்தைப் பற்றி எழுதியவர். நாஜி ஆட்சியில் ‘ஜெர்மன் நம்பிக்கை இயக்கம்’ நடத்தி, கீதையையும் ஆரியப் பெருமையையும் அதற்குத் தீனியாக்கினார்.

பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த கோமகன் எபர்ஹார்ட், அதே 1477-இல் யூதர்கள் ட்யூபிங்கனில் வாழக் கூடாது என்று விதித்தவர். அவர் பெயரைப் பல்கலைக்கழகப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்ற கோரிக்கை செனட் வரை போனது. 2022-இல் பெயர் அப்படியே நீடிப்பதென்று ஆயிற்று. எனக்கு அந்த முடிவு உடன்பாடில்லை.

#12 தகடூரான்

தோழர், இவை மனிதக் குற்றங்கள். இவற்றை ‘ஆய்வு வெளியீடு’ என்ற தலைப்பில் சேர்ப்பது சரியா? அறிவியல் என்ற பெயரில் நடந்த மோசடி அல்லவா?

#13 வெண்மணி

மோசடி என்று இன்று நாம் சொல்கிறோம். அன்று அதற்கு ஆய்வு நிதி கிடைத்தது, நூலாக அச்சானது, பேராசிரியர்கள் தகுதி வழங்கினார்கள், பிறர் மேற்கோள் காட்டினார்கள். இன்றைய எண்ணிக்கைப் படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் ரிட்டர் நிரப்பியிருப்பார். எண்ணிக்கையைக் கண்டு நான் அஞ்சுவதற்குக் காரணம் இதுதான். தங்களைப் பற்றிய கோப்பைக் கேட்டுக் காப்பகத்தில் உட்கார்ந்த அந்த மக்கள் செய்தது, அந்த ஆண்டு ட்யூபிங்கனில் நடந்த மிகச் சிறந்த வரலாற்றுப் பணி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

#14 நூலகர்_குடந்தை

வெண்மணி சொன்னதை அறிக்கையின் என் பகுதியில் கட்டாயம் சேர்ப்பேன். கணிதனின் கேள்விக்குப் பதில்: ஷிக்கார்டை நான் எந்தத் துறையிலும் போடப் போவதில்லை, ஆண்டு வரிசையில் எழுதிவிடுகிறேன்.

தகடூரான் மாற்று அளவுகோல் கேட்டார். ஜெர்மன் ஆய்வு நிதிக் கழகம் 2010-இல் ஒரு விதி கொண்டுவந்தது: நிதி கேட்டு வருபவர் தம்மைப் பற்றிய குறிப்பில் ஐந்து வெளியீடுகளுக்கு மேல் பட்டியலிடக் கூடாது. பிறகு அந்த வரம்பைத் தளர்த்தினார்கள். ஆனால் வரம்பு இருக்கிறது. நூறு கட்டுரை எழுதியவரும் தமக்குச் சிறந்ததென்று தோன்றுபவற்றைப் பொறுக்கித்தான் தர வேண்டும். மதிப்பிடுபவர் அவற்றைப் படித்தாக வேண்டும். எங்கள் கல்லூரிக்கு நான் பரிந்துரைக்கப் போவதும் இதையே. படிக்க நேரம் இல்லாத குழுவுக்கு மதிப்பிடும் உரிமை இருக்கக் கூடாது.

#15 தகடூரான்

இது எனக்கு ஏற்புடையது. எவ்வளவு வேண்டுமானாலும் எண்ணட்டும், ஆனால் படித்துவிட்டு எண்ணட்டும். உங்கள் குழுவில் இருப்பவர்களுக்கு அந்த ஐந்தையும் படிக்க யார் நேரம் தருவார்கள் என்பது அடுத்த சண்டை. அதற்கும் நான் வருகிறேன்.

#16 இளவேனில்

வணக்கம். நான் தமிழ் முதுகலை முடித்துவிட்டு ஓலைச்சுவடிகளில் முனைவர் பட்டம் செய்ய விரும்புகிறேன். இதையெல்லாம் படித்த பிறகு ட்யூபிங்கனுக்கு விண்ணப்பிக்க ஆசை வருகிறது. கட்டணம், நடைமுறை பற்றி நெக்கர்க்கரை அண்ணா சொல்வீர்களா?

#17 நெக்கர்க்கரை

தங்கைக்கு வாழ்த்துகள். ட்யூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் பருவத்துக்கு 1500 யூரோ கட்ட வேண்டும். முனைவர் பட்ட மாணவர்களுக்கு அது இல்லை. இன்னொன்று: ஜெர்மனியில் ஆய்வேட்டை ஒப்படைத்து வாய்மொழித் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. ஏட்டை வெளியிட்ட பிறகே பட்டத்தை முழுமையாகப் பயன்படுத்தலாம். நூலாக அச்சிடலாம், அல்லது பல்கலைக்கழக நூலகத்தின் மின்தளத்தில் ஏற்றலாம். நூலகத்தின் வழி என்றால் உலகில் எவரும் இலவசமாகப் படிக்கலாம், அதையே தேர்ந்தெடுங்கள்.

ஆனால் உங்கள் தலைப்புக்கு ட்யூபிங்கன் பொருத்தமான இடம் இல்லை. தமிழ்ச் சுவடிகளுக்கு முதலில் ஹம்பர்க்கைப் பாருங்கள். அங்கே சுவடிப் பண்பாடுகளுக்கென்றே தனி ஆய்வு மையம் இருக்கிறது, செவ்வியல் தமிழில் வேலை நடக்கிறது. அடுத்து ஹைடல்பெர்க்கின் தெற்காசிய நிறுவனம், 1962 முதல் இயங்குகிறது. குண்டர்ட் சேகரத்தை மட்டும் இப்போதே இணையத்தில் திறந்து பாருங்கள். நீங்கள் தேடுவது எந்த வகைச் சுவடி, இலக்கணமா மருத்துவமா என்று எழுதினால், யாருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம் என்று ஏட்டுச்சுவடி ஐயாவும் நானும் யோசித்துச் சொல்கிறோம்.

#18 இளவேனில்

மருத்துவச் சுவடிகள் அண்ணா. கண் நோய் பற்றியவை. விவரமாகத் தனி இழையில் எழுதுகிறேன்.